கசப்புப் பல்

அத்தியாயம் 11

பழி வாங்கக் காத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது என்பார்கள். பிரோஷ்கா குறட்டை விட்டுத் தூங்கினாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முகம் கழுவி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தி தீட்ட உட்கார்ந்தபோது, திருவிழாவுக்குப் புறப்படுகிற பிள்ளை மாதிரி இருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் திறப்பு விழா. சுகோவிட்சா ஆற்றின் அந்தக் கரையில் சித்தப்பா கெல்லெர்ட்டின் சத்திரம். அதற்கு நேர் எதிரே, இந்தக் கரையில், 'வென்தெல் கொப்பரை' என்று அப்பா பெயரில் பலகை ஏறிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம். சித்தப்பா தன் வாசலில் நின்று பல் துலக்கினாலும் செத்துப்போன அண்ணன் பெயரைப் படித்துத்தான் ஆகவேண்டும். அதற்காகவே அவ்வளவு பெரிதாக எழுதச் சொல்லியிருந்தாள்.

கதையை வாராவாரம் படிப்பவர்களுக்கு அந்தக் கல்யாணம் மறந்திருக்காது. பதினேழு வருடத்துக்கு முன்னால் உள்ளூர்ப் பெண் வில்மாவின் கல்யாணத்தில் இருநூறு பேருக்கு மீன் சூப். இருபது கொப்பரை கொதித்தது, இருபதும் எட்டிக்காயாய்க் கசந்தது. சமைத்தவர் பிரோஷ்காவின் அப்பா வென்தெல். கரை நெடுக அவர் கைப்பக்குவத்துக்கு ஈடு கிடையாது என்று பெயர் வாங்கியவர், ஒரே மத்தியானத்தில் 'கசப்பு வென்தெல்' ஆகிப்போனார். அதற்கப்புறம் அவர் அடுப்புப் பக்கம் போகவில்லை, பாலிங்கா சாராயப் புட்டியைத்தான் தொட்டார். ஒன்றரை வருடத்தில் போய்ச் சேர்ந்தார். சத்திரம் தம்பி கைக்குப் போனது.

சாவுச் சாப்பாடு முடிவதற்குள் கெல்லெர்ட் சுவரில் தொங்கிய குடும்பக் கொப்பரையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். "கொப்பரை பொம்பளை கைக்குப் போற வழக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். வியன்னாவில் ஓட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பிரோஷ்கா, அப்பா சாகக் கிடக்கிறார் என்று கேட்டு ஓடிவந்திருந்தாள். அன்று ராத்திரி அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். கல்யாணத்தன்று மீன் தலையைச் சுத்தம் செய்தது யார்?

"உன் சித்தப்பா" என்றாள் அம்மா எதெல்கா.

அது போதுமாக இருந்தது. அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று நாட்டுச் சமையலறைகளில் பாடுபட்டு, பெயர் வாங்கி, இன்றைக்கு இந்தக் கரைக்கு வந்திருக்கிறாள்.

கெண்டை மீனின் தலைக்குள், தொண்டை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சின்ன எலும்பு இருக்கும். கசப்புப் பல் என்று பெயர். கத்தி முனையை விட்டு ஒரு திருகு திருகினால் கழன்று வந்துவிடும். அதை எடுக்காமல் தலையைக் கொப்பரையில் போட்டால் அன்றைய சூப்பு நாசம். மறதிக்காரர்களுக்காக அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலை சுத்தம் செய்கிறவர் கடைசியில் உரக்க எண்ணிக்கை சொல்லவேண்டும்: இத்தனை தலை, இத்தனை பல். அடுப்பருகே நிற்பவர் "சரி" என்று பதில் கொடுத்த பிறகுதான் தீ மூட்டுவது.

இன்றைக்குப் பன்னிரண்டு மேஜை. மேஜைக்கு ஒரு கொப்பரை, கொப்பரைக்கு இரண்டு தலை. பிரோஷ்கா எல்லாவற்றையும் தானே சுத்தம் செய்தாள். உதவிக்கு இருக்கிற ஜோம்போரைத் தலைப் பக்கம் வரவே விடவில்லை. நாற்பது வயது மனுஷன், பரம்பரை மீனவன், அவனுக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

"செஃப், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நீ வெங்காயத்தை அரி. பொடிப்பொடியா அரி. கொப்பரைல கரைஞ்சு காணாமப் போகணும். அதுக்காக செகெத் ஊர்க்காரங்க மாதிரி சல்லடைல போட்டுத் தேய்க்காத."

"தேய்ச்சா எங்கப்பா குழியிலேர்ந்து எழுந்து வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அம்மா நூடுல்ஸ் மாவைத் திரட்டி, தீக்குச்சி அளவுக்கு நறுக்கிக் காயப்போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அறுபத்தாறு வயதாகிறது, கண் மட்டும் இன்னும் பருந்துக் கண். பல் போட்டு வைத்திருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"பிரி, இருபத்திரண்டுதான் இருக்கு. ரெண்டு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல."

அம்மா நிமிர்ந்தாள். பிரோஷ்கா கத்தியைக் கழுவிக்கொண்டே, வானிலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏழாம் நம்பர் மேஜை சித்தப்பாவுக்கு. அந்தக் கொப்பரைல மட்டும் பல்லோட ரெண்டு தலை. மத்தவங்களுக்கெல்லாம் நல்ல சூப்பு. அவரு முதல் கரண்டியைத் துப்பணும். துப்பினதும் நான் எழுந்து கேப்பேன், இந்த ருசி ஞாபகம் இருக்கா சித்தப்பான்னு. பக்கத்துல வில்மா உக்காந்திருப்பா."

"வில்மாவை எதுக்குக் கூப்பிட்டே?"

"சாட்சிக்கு. அவ கல்யாணச் சாப்பாடுதானே. அவ வாயாலயே ஊருக்குத் தெரியட்டும்."

எதெல்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாவு ஒட்டிய கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. செத்தவரு செத்துட்டாரு. அந்த மனுஷனுக்கும் எழுபது வயசாச்சு. நல்ல நாளு இது, நல்லபடியா நடக்கட்டும். ரெண்டு தலைதானே, குடு, நான் எடுத்துடறேன்."

"தொடாதே."

"பிரி."

"நீ வேணும்னா மன்னிச்சுக்கோ. உனக்குப் பெரிய மனசு. எனக்கு இல்ல. அப்பா கடைசியில என்னைக்கூட அடையாளம் தெரியாம படுத்திருந்தாரும்மா. அவரைக் 'கசப்பு, கசப்பு'ன்னு தெருப்பசங்க கூப்பிட்டதை நான் காதால கேட்டேன். இதுக்காகத்தான் நான் வந்தேன். சூப்பு விக்கவா வந்தேன்?"

 பிரோஷ்கா முற்றத்துப் பக்கம் திரும்பி, அடுப்படியில் நின்ற ஜோம்போருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"இருபத்துநாலு தலை, இருபத்துநாலு பல்லு."

"சரி" என்றான் ஜோம்போர். தீ மூண்டது. வாழ்நாளில் முதல்முறையாகப் பொய் எண்ணிக்கை சொன்னதில் பிரோஷ்காவுக்கு உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது. ஆனால் அது பயமில்லை, சந்தோஷம்.

பதினொன்றரைக்கே ஊர் வந்துவிட்டது. ஓசிச் சாப்பாடு என்றால் நம் ஜனங்கள் நேரம் தவறுவதில்லை; சொல்லாதவர்களும் வந்தார்கள். வில்லோ மரத்தடியில் பன்னிரண்டு கொப்பரையும் மூன்றுகால் கம்பிகளில் தொங்கிக் கொதித்தன. மிளகாய்ப்பொடி விழுந்து நுரை சிவந்தது. மீன் சூப்பில் கரண்டி விட்டுக் கிளறுகிறவன் மீனுக்கும் ஆகமாட்டான், மனுஷனுக்கும் ஆகமாட்டான். பிரோஷ்கா கைப்பிடியைப் பிடித்துக் கொப்பரையையே இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு பெண் பன்னிரண்டு கொப்பரைக்கு நடுவே நின்று திருப்புவதைக் கிழவர்கள் வேலியோரமாக நின்று பார்த்தார்கள்.

"நல்லாத்தான் திருப்பறா" என்றார் ஒருவர்.

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. அவ அப்பனும் நல்லாத்தான் திருப்பினான்" என்றார் இன்னொருவர்.

பிரோஷ்காவுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதானே சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கெல்லெர்ட் சரியாகப் பன்னிரண்டுக்குப் பாலத்தைக் கடந்து நடந்து வந்தார். கறுப்புக் கோட்டு, தொப்பி, நரைத்த மீசை, கையில் ஒரு பூங்கொத்து. தனியாக வந்தார். வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

"நீ கூப்பிடுவேன்னு எதிர்பாக்கலம்மா."

"சொந்தத்தை விட்டுட முடியுமா சித்தப்பா. உங்களுக்குன்னு தனியா எடம் போட்டிருக்கேன்."

பூங்கொத்தை வாங்கி யாரிடமோ கொடுத்துவிட்டு, அவரை ஏழாம் மேஜைக்கு நடத்திப் போனாள். அங்கே வில்மா மட்டும் ஏற்கெனவே உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"வாங்க கெல்லெர்ட் மாமா. உங்க அண்ணன் என் கல்யாணத்தைக் கசப்பாக்கினாரு, புருஷன் மிச்சத்தைப் பாத்துக்கிட்டான். ஆறு வருஷத்துல தொலைஞ்சான். இவ கையாவது இனிக்குதான்னு பாப்போம்."

"இனிக்கும்" என்றார் கெல்லெர்ட்.

தட்டில் நூடுல்ஸ் வைத்து, மேலே சூப்பு ஊற்றினார்கள். மீன் துண்டுகள் தனித்தட்டில் பின்னால் வரும். எல்லா மேஜையிலும் உறிஞ்சுகிற சத்தம், "ஆஹா" என்கிற சத்தம், மூக்கைச் சிந்துகிற சத்தம். வேலியோரக் கிழவர் இரண்டாந்தரம் தட்டை நீட்டினார். வேறு எந்தச் சமையல்காரிக்கும் அந்தக் காட்சியே கண்ணில் நீர் வரவழைத்திருக்கும். பிரோஷ்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழாம் கொப்பரையிலிருந்து சித்தப்பாவின் தட்டுக்குத் தன் கையாலேயே ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

கெல்லெர்ட் முதல் கரண்டியை வாயில் வைத்தார்.

தாடை நின்றது. விழுங்கினார். மெல்லத் தலையைத் தூக்கி, பிரோஷ்காவைத் தாண்டி, சமையலறை வாசலில் நின்ற எதெல்காவைப் பார்த்தார். அவ்வளவுதான். குனிந்து இரண்டாவது கரண்டி எடுத்தார். மூன்றாவது. சாப்பிட்டுக்கொண்டே போனார்.

பிரோஷ்காவுக்கு எரிந்தது. துப்புவார் என்று பதினைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்தால், மனுஷன் கோயில் பிரசாதம் மாதிரி விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"நல்லாருக்கும்மா."

"அப்படியா. வில்மா, நீங்களும் இந்தக் கொப்பரைலேர்ந்து ஒரு கரண்டி பாருங்க."

வில்மா ஒரு கரண்டிதான் குடித்தாள். கைக்குட்டையில் துப்பிவிட்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

"அய்யோ, இது அதேதான். என் கல்யாணத்துச் சூப்பு. சாகற வரைக்கும் மறக்காது இந்த ருசி."

உறிஞ்சும் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லாத் தலையும் ஏழாம் மேஜைப் பக்கம் திரும்பியது. பிரோஷ்கா இந்த நிமிஷத்துக்கான வார்த்தைகளை வியன்னாவில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒன்றுகூடத் தடுமாறவில்லை.

"பயப்படாதீங்க. உங்க கொப்பரையெல்லாம் சுத்தம். இந்த ஒண்ணுல மட்டும் நான் வேணும்னே பல்லை எடுக்காம விட்டேன். எதுக்குத் தெரியுமா? பதினேழு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா கொப்பரைல யாரோ இதே வேலையைப் பண்ணினாங்க. எங்கப்பா எண்ணிக்கையைக் காதால கேட்டுட்டுத்தான் தீ மூட்டினாரு. பொய் எண்ணிக்கை சொன்னவன் தப்பிச்சுட்டான், நம்பினவரு செத்தாரு. அன்னிக்குத் தலை சுத்தம் பண்ணினது யாரு? சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

 சமையலறை வாசலில் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கெல்லெர்ட் கரண்டியைத் தட்டோரம் வைத்தார். மீசையைத் துடைத்தார். எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

யாரோ காறித் துப்பினார்கள். வில்மா நாற்காலியை நகர்த்தி முதுகைத் திருப்பிக்கொண்டாள். "கூடப் பொறந்தவனாடா நீ" என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கெல்லெர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் விலகி நின்ற ஜனங்களுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போனார்.

ஜெயித்துவிட்டாள். பிரோஷ்காவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். கன்னத்தில் முத்தமிட்டார்கள். அப்பாவைப் பேர் சொல்லிக் கேலி செய்த அதே வாய்கள் "வென்தெல் தங்கமான மனுஷன், எனக்கு அப்பவே சந்தேகம்" என்றன. ஊர் வாய் எப்போதும் அப்படித்தான். இன்றைக்கு அதுவும் அவளுக்கு இனித்தது.

கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அலமாரியிலிருந்து பிளம் பாலிங்காவை எடுத்து இரண்டு சின்னக் கிளாஸில் ஊற்றினாள்.

"குடிம்மா. அப்பா பேருல இருந்த கறை போயாச்சு. தீந்துச்சு."

எதெல்கா கிளாஸை வாங்கவில்லை. கதவைச் சாத்தினாள். முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு பொய் சொல்லிட்டுப் போறாரு பிரி."

"யாரு?"

"உன் சித்தப்பா. அன்னிக்கு அவரு கத்தியைத் தொடவே இல்ல. ரொட்டிக்கடைக்குப் போயிருந்தாரு. திரும்பி வந்தப்போ நான் எண்ணிக்கை சொல்லிட்டிருந்தேன்."

பிரோஷ்கா கிளாஸைக் கீழே வைத்தாள். "நீயா?"

"நாப்பது தலை, நாப்பது பல்லுன்னு சொன்னேன். கிண்ணத்துல ஒரு பல்லுகூட இல்ல. உங்கப்பா திரும்பியே பாக்காம சரின்னாரு. கல்யாணமானதுலேர்ந்து நான் சொன்ன எண்ணிக்கையை அவரு திரும்பிப் பாத்ததே கிடையாது."

"மறந்துட்டியா?"

ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டாளா என்று பிரோஷ்கா ஏங்கினாள். மறதி என்றால் எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

"மறக்கல. வேணும்னேதான்." அம்மாவின் குரல் தணிந்தே இருந்தது. "அது யாரு வீட்டுக் கல்யாணம்? வில்மா கல்யாணம். வில்மாவோட அம்மா அப்போ புருஷன் செத்தவ. பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் அந்தப் பொம்பளையோட மொகாச் ஊருக்குப் போய் இருக்கப்போறேன்னு உங்கப்பா முந்தின நாள் என்கிட்ட சொன்னாரு. சாதாரணமா, சட்டை மாத்தறேங்கற மாதிரி சொன்னாரு. அவ பொண்ணு கல்யாணத்துக்கு நான் மீன் தலை கழுவணும், அவரு சமைக்கணும், அப்புறம் ரெண்டு பேரும் போவாங்க. ஒரு நாள் தலைகுனியட்டும்னு நெனச்சேன். ஒரே ஒரு நாள். அவளும் அவருக்குக் கதவைச் சாத்தட்டும்னு நெனச்சேன். சாத்திட்டா. அவரு சாகட்டும்னு நான் நெனைக்கல பிரி."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"முதல் கரண்டியிலேயே. என்னை ஒரு பார்வை பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லி அழுதிருப்பேன். சாகற வரைக்கும் கேக்கவே இல்ல."

"அப்போ சித்தப்பா பேரை ஏன் சொன்னே?"

"நீ யாருன்னு கேட்டே. யாரையாவது சொல்லணுமே."

வெளியே யாரோ அக்கார்டியனை எடுத்து வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். பிரோஷ்காவின் காதில் அது விழவில்லை. எழுபது வயதுக் கிழவர் எட்டிக்காய்ச் சூப்பைக் கரண்டி கரண்டியாக விழுங்கினதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

"அவரு ஏன் நான்தான்னு சொன்னாரு? பதினேழு வருஷமா ஏன் வாயைத் திறக்கல?"

எதெல்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதை நான் சொல்லமாட்டேன். அவர்கிட்ட கேட்டுக்கோ."

பிரோஷ்காவுக்கு அழுகை வரும்போல இருந்தது, வரவில்லை. கோபம்தான் வந்தது. அது புதுக் கோபமும் இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் சோறு போட்டு வளர்த்த பழைய கோபம், சித்தப்பா வீட்டு வாசலை விட்டு இந்த வாசலுக்கு வந்து நின்றது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தாள். தன் மூக்கு, தன் நெற்றி.

"மன்னிக்கமாட்டேம்மா" என்றாள்.

"தெரியும்."

"அப்பா மாதிரி வாயை மூடிக்கிட்டும் இருக்கமாட்டேன்."

"அதுவும் தெரியும். நீ என் பொண்ணு."

கதவை யாரோ தட்டினார்கள். பிரோஷ்கா அம்மாவைக் கையால் ஒதுக்கிவிட்டுத் திறந்தாள். வில்மா நின்றுகொண்டிருந்தாள். மை கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது. கையில் நிரம்பிய கிளாஸ். பின்னால் முற்றம் முழுக்க ஜனங்கள் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"உங்கப்பா பேருக்குக் குடிக்கப்போறோம், வா. நான் அவரை எவ்வளவு திட்டியிருக்கேன், கடவுளே. எங்கம்மாவும் இன்னிவரைக்கும் திட்டறா. உங்கம்மா எங்க பிரோஷ்கா? அவங்களையும் கூப்பிடு. அந்தப் பொம்பளை எப்படித்தான் தாங்கினாங்களோ. அவங்க கையைப் பிடிச்சு நான் மன்னிப்புக் கேக்கணும்."

பிரோஷ்கா ஜனங்களைப் பார்த்தாள். பாலத்தில் நடந்து போகிற தனி ஆளைப் பார்த்தாள். வில்மாவின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக்கொண்டு முற்றத்தின் நடுவுக்குப் போய் நின்றாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, எண்ணிக்கை சொல்கிற குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அம்மா, வெளிய வா. வில்மா உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

எதெல்கா ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.